பரீட்சை குறித்த திகதியில் நடந்தது

1984ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி, திங்கட்கிழமை, ஆபிரிக்காவின் லுவம்பா நகரிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக் கணிதப் பரீட்சை நடைபெற்றது. அறுபத்தொரு மாணவர்கள் தோற்ற வேண்டியிருந்தது. பத்தொன்பது பேர் தோற்றினார்கள்.

அந்தப் பரீட்சையை நடத்தியவர் இப்போது லண்டனில், ஹரோவுக்குப் பக்கத்திலுள்ள ரெய்னர்ஸ் லேனில் வசிக்கிறார். பெயர் ஆனந்தராஜா, வயது எழுபத்தொன்பது. ஹரோத் தமிழர்கள் அவரைப் புரொபசர் என்று அழைக்கிறார்கள். லுவம்பாவில் அவர் முதுநிலை விரிவுரையாளராக இருந்தவர். பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஆனால் அழைப்பவர்களை அவர் திருத்துவதில்லை.

1988இல் அவர் லண்டனுக்கு வந்தபோது எந்தப் பல்கலைக்கழகமும் அவரை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. லீவில் நிற்கும் ஆசிரியர்களுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்து ஓய்வு பெற்றார். பெயரைச் சொல்ல வராத பிள்ளைகள் அவரை மிஸ்டர் ஏ என்றார்கள். சிலர் அதையும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பன் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடம் யுத்தத்தில் தரைமட்டமாகி, வேறு பெயரில் வேறு இடத்தில் கட்டப்பட்டுவிட்டது. ஆகவே அவர் வாழ்க்கையில் பெரிதாக எதையாவது செய்த இடம் என்றால் லுவம்பாதான். பதினான்கு வருடம் அங்கே இருந்தார்.

பிறந்தநாள், சாமத்தியவீடு, அறுபதாம் கல்யாணம் என்று ஹரோ மண்டபங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர், "புரொபசர், அந்த ஆமிக்காரன்ரை கதையைச் சொல்லுங்கோ" என்பார். அவரும் சொல்லுவார்.

"வாசல்லை ஆமி. ஜன்னலடியிலை ஆமி. நான் அறுபத்தொரு மேசையிலையும் கேள்வித்தாள் வைச்சிட்டன். வராதவனுக்கும் வைக்கவேணும், அதுதான் விதி. ஒரு ஆமிப் பொடியன், துவக்கைத் தோளிலை போட்டுக்கொண்டு உள்ளுக்கு வந்தான். வெறும் மேசையிலை கிடந்த தாளை எடுத்தான். தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு அஞ்சு நிமிசம் பாத்தான். பாத்திட்டு, 'வெரி டிபிகல்ட், சேர்' எண்டு ஒரு சலூட் அடிச்சான் பாருங்கோ!"

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்க அவர் குரலைத் தாழ்த்துவார். "நாடே எரியுது. ஆனாச் சோதினை குறிச்ச திகதியிலை, குறிச்ச நேரத்துக்குத் துடங்கினது. ஒரு கேள்வித்தாள் வெளியிலை போகேல்லை. அதுதான் எங்கடை ஆக்கள்."

அவருடைய மனைவி கனகாம்பிகை இந்தக் கதை தொடங்கும்போது தேநீர் எடுக்க எழுந்து போய்விடுவார். நாற்பது வருடமாக அப்படித்தான்.

லுவம்பாவுக்கு யாழ்ப்பாணத்தவர்கள் போன கதை சிறியது. அந்த நாடு சுதந்திரம் அடைந்தபோது அங்கிருந்த பட்டதாரிகள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. கிராமங்கள் செங்கல் சுட்டுக் கொடுத்தன, சோளம் விற்றுக் கொடுத்தன. 1965இல் கட்டடம் எழும்பியது. முதல் பத்து வருடம் அளவில் பிரித்தானியர்கள் படிப்பித்தார்கள்; கணிதத்துக்கு அப்போது தனித் துறை இருக்கவில்லை. அவர்கள் கூடிய சம்பளம் தேடிப் போனபின், அதே பாடத்திட்டத்தை அதே ஆங்கிலத்தில் குறைந்த சம்பளத்துக்குப் படிப்பிக்கக்கூடியவர்களை அரசாங்கம் தேடியது. அப்படிப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பரீட்சை விதிகள் லண்டன் விதிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. தக்க காரணமின்றிப் பரீட்சைக்குத் தோற்றாதவர் சித்தியடையாதவராகக் கருதப்படுவார், இறுதியாண்டில் சித்தியடையாதவர் விலக்கப்படுவார் என்பது அதில் ஒன்று. கணிதத் துறையில் இறுதியாண்டு என்பது மூன்றாம் ஆண்டு.

2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் எஸ்தர் சிலேமா என்ற பெண் றஜீவனுக்கு ஈமெயில் அனுப்பினார். றஜீவன் ஆனந்தராஜாவின் ஒரே மகன், லுவம்பா வளாகத்து வீட்டில் பிறந்தவன், இப்போது ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்கிறான். எஸ்தர் லண்டனில் வரலாறு படிப்பிப்பவர். தொண்ணூறுகளில் லுவம்பாவில் படித்தவர். பல்கலைக்கழகத்தின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. பழைய பதிவுகளில் பெரும்பகுதி பிந்திய ஒரு கலவரத்தில் எரிந்துபோனதால், உயிரோடு இருக்கும் விரிவுரையாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஈமெயிலின் கடைசியில் இன்னொரு விசயமும் இருந்தது. ஐந்து புதிய விரிவுரை மண்டபங்களுக்குத் துறைகளை உருவாக்கியவர்களின் பெயரை வைக்கப்போகிறார்கள். நூலின் அத்தியாயங்களைப் பார்த்துத்தான் குழு பெயர்களைத் தெரிவுசெய்யும். கணித மண்டபத்துக்கு ஆனந்தராஜாவின் பெயரைப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனந்தராஜா அந்த வரியை மகனை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அடுத்த நாள் பேரப்பிள்ளையின் கணினியில் அந்தக் கட்டடத்தின் படத்தைத் தேடிப் பிடித்தார். மண்டப வாசலுக்கு மேலே பெயர் பொறிக்க ஒரு வெற்றுப் பலகை இருந்தது.

எஸ்தர் வரும் நாள் காலையில் கனகாம்பிகை பற்றிஸ் பொரித்துக்கொண்டே சொன்னார்.

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. அந்தக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ."

"எந்தக் கதை?"

"கொண்டாட்டங்களிலை சொல்லுறது."

"அதுதானப்பா கதை! மற்றதெல்லாம் சிலபஸ்."

"அவ அந்த நாட்டுப் பிள்ளை. உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"அவ ஹிஸ்டோரியன். உண்மையைத்தான் கேக்க வாறா. நீர் அடுப்பைப் பாரும், கருகுது."

எஸ்தருக்கு ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசினார், நன்றாகக் கேட்டார். கைபேசியில் பதிவை ஓடவிட்டு அதைப் பற்றிஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் ஒரு மணித்தியாலம் ஆனந்தராஜா நன்றாகவே பேசினார். கரும்பலகைகூட இல்லாமல் கணிதத் துறை தொடங்கியதையும், பாடநூல்கள் கப்பலில் மாதக்கணக்காக வராதபோது தானே அத்தியாயம் அத்தியாயமாக எழுதி உருளை மெசினில் பிரதி எடுத்ததையும் சொன்னார். சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பின்னேர வகுப்பு தொடங்கியதையும் சொன்னார். அந்த வகுப்பிலிருந்து வந்தவர்களில் நான்கு பேர் பின்னாளில் பேராசிரியர்களானார்கள். எஸ்தர் இது எதுவும் வேறெங்கும் பதிவாகவில்லை என்றார். ஆனந்தராஜாவின் முகம் மலர்ந்திருந்தது.

பிறகு அவர் கதையைத் தொடங்கினார். கனகாம்பிகை எழுந்து குசினிக்குப் போனார்.

ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே இடங்களில்தான் நிறுத்தினார். அந்த வருடம் மே மாதம் அரசாங்கம் மாணவர் சங்கத்தைத் தடைசெய்தது. கணிதத் துறையின் தலைவர் டாக்டர் மபேசா மாணவர்களுக்கு ஆதரவாக ஒரு கூட்டத்தில் பேசினார். மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரை விடுவிக்கும்வரை பரீட்சை எழுதமாட்டோம் என்று மாணவர்கள் அறிவித்தார்கள். ஆனந்தராஜா தற்காலிகத் தலைவரானார். அவர் ஆமிப் பொடியனைப் பற்றிச் சொல்லி, சலூட் அடித்துக் காட்டி, சிரிப்புக்காகக் காத்திருந்தார். எஸ்தர் சிரிக்கவில்லை.

பரீட்சையை நடத்தும்படி கட்டளையிட்டது யார் என்று எஸ்தர் கேட்டார்.

யாரும் கட்டளையிடவில்லை என்றார் ஆனந்தராஜா, சற்றுப் பெருமையாகவே. துணைவேந்தர் துறைத் தலைவர்களைக் கூப்பிட்டு, குறித்த திகதியில் பரீட்சை நடத்த யாரால் முடியும் என்று கேட்டார். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் கையை உயர்த்தியதாகச் சொன்னார்.

ஒத்திவைத்திருக்க முடியாதா?

"வினாத்தாள் தயார். மண்டபம் தயார். எதற்காக ஒத்திவைக்க வேண்டும்? பரீட்சை அரசியலுக்கு வெளியே உள்ளது. என் தகப்பனார் வெள்ளம் வந்த வருடத்திலும் வாங்குகளைத் தண்ணீருக்கு மேலே அடுக்கிப் பரீட்சை வைத்தவர்."

வராத நாற்பத்திரண்டு பேரும் பின்னர் என்ன ஆனார்கள்?

"அது பதிவாளருடைய வேலை" என்றார் அவர். பிறகு, உதவும் எண்ணத்தோடு, "மபேசா நல்ல மனிதர். அல்ஜிப்ராவில் கெட்டிக்காரர். அரசியல்தான் கொஞ்சம் கூடிப்போனது" என்றும் சொன்னார்.

எஸ்தர் நன்றி சொல்லிப் பதிவை நிறுத்தினார். கனகாம்பிகை மிச்சப் பற்றிஸை ஃபோயிலில் சுற்றிக் கொடுத்தார்.

ஜனவரி மாதம் எஸ்தர் நூலில் அவரைப் பற்றிய பகுதியை அச்சுக்குப் போகுமுன் பார்ப்பதற்காக அனுப்பினார். நேர்காணல் தந்தவர்களுக்கு அப்படி அனுப்புவது வழக்கம் என்றும், திருத்தமோ விளக்கமோ இருந்தால் மாத முடிவுக்குள் அறிவிக்கலாம் என்றும் எழுதியிருந்தார். றஜீவன் ஞாயிற்றுக்கிழமை வந்து தகப்பனுக்கு வாசித்துக் காட்டினான். துறை தொடங்கியதைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. ஒரு பிழையும் இல்லை. ஆனந்தராஜா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான்காம் பக்கத்தில் றஜீவனின் வாசிப்பு மெதுவாகியது.

அதன் சாரம் இதுதான். துணைவேந்தரின் கேள்விக்கு ஆனந்தராஜா ஒருவர் மட்டுமே கையை உயர்த்தினார். அன்று மாலை அரசாங்க வானொலி, பல்கலைக்கழகம் வழமைக்குத் திரும்பிவிட்டதாகக் கணிதப் பரீட்சையைச் சான்று காட்டி அறிவித்தது. ஒரு துறை நடத்தியபின் மற்றத் துறைகளால் மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டு விரிவுரையாளர்கள் அனைவரும் ஒத்துழைக்க, ஏழு துறைகளில் பரீட்சை நடந்தது. வராதவர்கள் விதிப்படி விலக்கப்பட்டார்கள். கணிதத்தில் விலக்கப்பட்ட நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பிவந்து பட்டம் பெறவில்லை. மபேசா பதினான்கு மாதங்களின் பின் விடுவிக்கப்பட்டார். அவர் மறுபடி படிப்பிக்க அனுமதிக்கப்படவில்லை. அந்தப் பகுதி ஆனந்தராஜாவின் சொந்த வார்த்தைகளோடு முடிந்தது: "ஒரு வினாத்தாள்கூட வெளியே போகவில்லை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் ஆனந்தராஜா.

"அப்பா, டேப்பிலை இருக்கும்."

"சொன்னனான். ஆனா இப்பிடிச் சொல்லேல்லை."

றஜீவன் கணினியை மூடினான். "லீவ் இட், அப்பா. ஆர் உதை வாசிக்கப்போறாங்கள்?"

"அந்தக் குழு வாசிக்கும்."

சனிக்கிழமை றொனால்ட் வந்தார். அவர் லுவம்பாவில் பௌதிகம் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர், மனைவி இறந்தபின் சவுத்தாலில் தனியாக இருக்கிறார். இரண்டு பஸ் மாறி வருவார். றஜீவன் அவருக்கும் அந்தப் பக்கங்களை அனுப்பியிருந்தான்.

"வாசிச்சனீரோ?" என்றார் ஆனந்தராஜா, றொனால்ட் கோட்டைக் கழற்றுமுன்பே.

"வாசிச்சன். இங்கிலீஸ் நல்லாயிருக்கு."

"நக்கலுக்கோ உம்மைக் கூப்பிட்டனான்?"

"பற்றிஸுக்கெண்டு நினைச்சன்."

"இஞ்சை பாரும், றொனால்ட். நீர் அவவுக்கு ஒரு ஈமெயில் போடும். அது தனியாள் செய்த வேலையில்லை, எல்லாரும் சேந்துதான் சோதினை வைச்சது எண்டு."

"எல்லாருமோ? எனக்கு மலேரியா ஐசே."

"கணக்குச் சோதினை அண்டைக்கு உமக்கு என்ன அலுவல்? அடுத்த கிழமையெல்லோ பிசிக்ஸ்."

"அடுத்த கிழமைதான் மலேரியா. லுவம்பா நுளம்பு டைம்டேபிள் பாத்துத்தான் கடிக்கிறது."

கனகாம்பிகை சிரித்துவிட்டார். ஆனந்தராஜாவுக்கு முகம் சிவந்தது.

"மலேரியாக்காரன் ரெண்டாம் நாள் ஸ்டாப் கிளப்பிலை பியரோடை இருந்ததை நான் கண்டனான்."

"அது மருந்து."

"விளையாடாதையும். வைஸ் சான்சலருக்கு விளங்கினபடியால்தானே உம்மடை கொன்ராக்டைப் புதுப்பிக்கேல்லை? என்ன கண்டனீர்? பிசிக்ஸ் லெக்சரர், சவுத்தால் பெற்றோல் ஷெட்டிலை சிகரட் வித்தது."

"ஓம், வித்தனான். நல்லா வித்தனான். மாதத்துக்கு ஒருக்கா என்ரை படத்தை ஒட்டுவாங்கள், பெஸ்ட் எம்ப்ளோயீ எண்டு."

"அப்ப உண்மையை அவவுக்குச் சொல்லும். எதிர்ப்பாலைதான் வராமல் விட்டனான் எண்டு சொல்லும். எல்லாரும் ஒத்துழைச்சது எண்டு எழுதியிருக்கிறா. அது பிழைதானே? ஒண்டு பிழையெண்டால் மற்றதையும் அவ திரும்பப் பாக்கவேணும்."

றொனால்ட் பற்றிஸைத் தட்டில் வைத்தார்.

"எதிர்ப்பு எண்டால் மபேசா. பதினாலு மாசம் மறியலிலை இருந்தவன். நான் கதவைப் பூட்டிப்போட்டுப் போர்வைக்குள்ளை கிடந்தனான். வாசலிலை வந்து தட்டினவங்கள் எல்லாருக்கும் காய்ச்சல் எண்டன். பொடியள் வந்து தட்டினாங்கள், அவங்களுக்கும் காய்ச்சல் எண்டுதான் சொன்னனான். என்னை அந்தப் பக்கத்திலை சேக்காதையும். உம்மடை அலுவலுக்காக என்னை வீரனாக்க ஏலாது."

பிறகு கனகாம்பிகை கதிரையை இழுத்து மேசையடியில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்டு சொல்லட்டோ?"

"நீரும் சொல்லும்."

"ஒண்டும் மறைக்கவேண்டாம். ஏன் செய்தது எண்டதையும் சேத்து எழுதச் சொல்லுங்கோ. அதுக்கு முந்தின வருசம் ஜூலைக் கலவரத்திலை உங்கடை அண்ணையின்ரை வெள்ளவத்தை வீட்டை எரிச்சவங்கள். அவையள் அகதிக் கப்பலிலை காங்கேசன்துறைக்கு வந்தவை. றஜீவனுக்கு ரெண்டு வயசு. உங்கடை கொன்ராக்ட் ஓகஸ்டோடை முடியுது. புதுப்பிக்காட்டில் விசா இல்லை. போறதுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. நீங்கள் அந்தக் கிழமை ஒரு நாளும் நித்திரை கொள்ளேல்லை. எனக்குத் தெரியும். வைஸ் சான்சலர் கேட்டவுடனை உங்கடை கை ஏன் எழும்பினதெண்டும் எனக்குத் தெரியும்."

"நான் பயத்திலை செய்யேல்லை."

"ஆரும் பயப்படுவினம்தானே."

"நான் பயத்திலை செய்யேல்லை, கனகம். சோதினை எண்டால் சோதினை. அது முறை."

"சந்தையிலை தக்காளி விக்கிற மனுசி, அவவின்ரை மகன் உங்களிட்டைத்தான் படிச்சவன். அதுக்குப் பிறகு ஒருநாளும் எனக்கு முகம் தந்து கதைக்கேல்லை. தக்காளியை நிறுத்துத் தருவா, கதைக்க மாட்டா. நாங்கள் அங்கையிருந்து வெளிக்கிடும் மட்டும் அப்பிடித்தான். ஆமிக்காரன்ரை கதையைச் சொல்லி நீங்கள் சனத்தைச் சிரிக்கப்பண்ணேக்கை எனக்கு அவவின்ரை முகம்தான் வரும்."

"பயந்தனான் எண்டு எழுதினால் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்கள் ஐசே" என்றார் றொனால்ட். "இந்த ரெய்னர்ஸ் லேனிலை ஆர் பயப்படாமல் வந்தது?"

"பயந்தவன்ரை பேரையோ மண்டபத்துக்கு வைப்பாங்கள்?"

"சிலவேளை வைப்பாங்கள்."

"வைக்க மாட்டாங்கள். வைச்சாலும் எனக்கு வேண்டாம்."

திங்கட்கிழமை அவர் எஸ்தருக்குத் தொலைபேசி எடுத்தார். றஜீவன் வேலையிடத்திலிருந்து அதே அழைப்பில் சேர்ந்துகொண்டான். முதல் மூன்று பக்கங்களும் மிகவும் நன்றாக இருக்கின்றன, நான்காம் பக்கத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று ஆனந்தராஜா கேட்டார்.

முடியாது என்றார் எஸ்தர். ஆனால் பின்னணியைச் சேர்க்கலாம். 1983க்குப் பிறகு அவர்களுடைய நிலைமை எப்படி இருந்தது என்று தனக்கு ஓரளவு தெரியும், ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும், தானாக எழுத முடியாது. அவர் இரண்டு வாக்கியம் சொன்னாலும் போதும், அந்தப் பக்கம் வேறுவிதமாக வாசிக்கப்படும்.

கனகாம்பிகை குசினி வாசலில் நின்றார். ஆனந்தராஜா அவரைப் பார்த்தார்.

"சேர்க்க ஒன்றுமில்லை" என்றார் தொலைபேசியில்.

அப்படியானால் இருக்கிறபடியே போகும் என்றார் எஸ்தர். சற்றுப் பொறுத்து, அவருக்கு இன்னோர் உரிமை உண்டு என்பதையும் தான் சொல்லியாக வேண்டும் என்றார். நேர்காணல் தந்தவர் அதை முழுமையாக மீளப்பெறலாம். மீளப்பெற்றால் அதிலிருந்து ஒரு வரியையும் நூலில் பயன்படுத்த முடியாது, பதிவும் அழிக்கப்படும். துறை தொடங்கிய கதையும் போய்விடும். அதற்கு வேறு ஆதாரம் இல்லை. மண்டபத்துக்கு அவர் பெயரைத் தன்னால் முன்மொழியவும் முடியாது.

"அவசரப்பட வேண்டாம்" என்றார் எஸ்தர். "விலக்கப்பட்டவர்களில் மூன்று பேரை நான் சந்தித்திருக்கிறேன். பரீட்சையை நடத்தியது நீங்கள் என்று தெரியும், ஆனால் அதற்கு முடிவெடுத்தது யார் என்று நாற்பது வருடமாக அவர்களுக்குத் தெரியாது. மபேசாவே சிறையில் இருந்தபடி இரகசியமாகச் சம்மதித்திருப்பார் என்று சிலர் நம்புகிறார்கள். உங்கள் பதிவு ஒன்றுதான் அது அவர் இல்லை என்று சொல்கிறது. அந்த மூவரில் ஒருவர் லெஸ்டரில் பஸ் ஓட்டுகிறார். ஜோசப் கமாங்கோ."

"கமாங்கோ" என்றார் ஆனந்தராஜா உடனே. "உயரமான பிள்ளை. ரியல் அனலிசிஸில் எண்பத்தொன்று எடுத்தவர்."

"அவரிடம் இதைச் சொல்லட்டுமா?"

ஆனந்தராஜா யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்தார்.

மாத முடிவுக்கு முதல் நாள் றஜீவன் வேலை முடிந்து மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் நேரே தகப்பன் வீட்டுக்கு வந்தான். கனகாம்பிகை சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஆனந்தராஜா கணினியை எடுக்கச் சொன்னார்.

"திருப்பி எடுக்கிறன் எண்டு எழுது."

"ஆர் யூ ஷுவர், அப்பா? எல்லாம் போயிடும். லெக்சர் தியேட்டருக்கு உங்கடை பேரும் போயிடும்."

"எழுது."

"மபேசாவைப் பற்றி அவ சொன்னதை யோசிச்சுப் பாத்தீங்களோ?" என்றார் கனகாம்பிகை. "அந்த மனுசன் செய்யாததை அவர்தான் செய்தவர் எண்டு சனம் சொல்லிக்கொண்டிருக்கு. நீங்கள் வாய் துறந்தால் அது தீரும்."

"மபேசா செத்துப் பத்து வருசம்."

"அவருக்குப் பிள்ளையள் இருக்கும்தானே."

"எனக்கும் பிள்ளை இருக்கு. பேரப்பிள்ளையள் இருக்கு. நாளைக்கு அவங்கள் கூகிளிலை என்ரை பேரைப் போட்டால் இது வரவேணுமோ?"

"அப்பா, ஐ டோன்ட் மைன்ட்" என்றான் றஜீவன். "நிசமாச் சொல்லுறன். நான் பிறந்த இடம் அது. அந்த மூண்டு பக்கத்துக்காக மற்றதும் இருக்கட்டும்."

"உனக்கென்ன. நீ லெக்சரரோ?"

றஜீவன் தாயைப் பார்த்தான். அவர் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவன் நான்கு வரி தட்டச்சுச் செய்து, தகப்பனுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, அனுப்பினான்.

எஸ்தர் மறுநாள் பதில் எழுதினார். மீளப்பெறுதலை ஏற்றுக்கொண்டதாகவும், பதிவு அழிக்கப்பட்டதாகவும், அவர் செலவழித்த நேரத்துக்கு நன்றி என்றும் அதில் இருந்தது.

நூல் 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் லுவம்பாவில் வெளியிடப்பட்டது. ஆனந்தராஜாவின் பெயர் அதில் இல்லை. கணிதத் துறையின் தொடக்கத்துக்கு ஒரு பந்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1984ஆம் ஆண்டுப் பரீட்சைகளில் முதலாவது கணிதத் துறையில் நடந்தது என்றும், அது யாருடைய முடிவு என்பது தெரியவில்லை என்றும் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. கணித மண்டபத்துக்கு எஸ்தர் மபேசாவின் பெயரை முன்மொழிந்தார். கல்வி அமைச்சு அதற்கு ஒப்புதல் தரவில்லை. இருக்கைகளை வாங்கிக் கொடுத்த வங்கியின் பெயர் மண்டபத்துக்கு வைக்கப்பட்டது.